பாலம் தாண்டிப் போட்ட வழக்கு

டோரிங்காவில் ஆற்றில் தூண்டில் போடுகிறவன் அக்கரை அரசாங்கத்திடம் உரிமச் சீட்டு வாங்கித்தான் போட வேண்டும். வீடு இக்கரையில், ஓட்டு இக்கரையில், வரி இக்கரையில். ஆனால் முழங்கால் நனைந்துவிட்டால் அவன் நிற்பது விக்டோரியா மாநிலம் அல்ல, நியூ சவுத் வேல்ஸ். முர்ரே ஆறு மொத்தமும் அக்கரைக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இக்கரை மேட்டின் விளிம்பு வரைக்கும். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுக்கும் யோசனை அந்தக் காலத்து லண்டன் துரைகளுக்கு வரவில்லை. வந்திருந்தால் நோலீன் லெயிட்லா இத்தனை நாள் தப்பான வாசலில் போய் நின்றிருக்கமாட்டாள்.

அவள் புருஷன் டார்சி இதை வைத்தே ஆயுசு முழுக்க வேடிக்கை பண்ணினவன். டார்சியின் அண்ணன் வெர்னுக்குச் சேர்ந்த கீழ்த்தோட்டம் ஆற்றை ஒட்டி இருக்கிறது. அங்கே மேட்டின் விளிம்பில் அளவைக்காரர்கள் நட்டுவைத்த கல் ஒன்று உண்டு. அதன்மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தன் பின்பக்கம் ஒரு மாநிலத்திலும் கால் இரண்டும் இன்னொரு மாநிலத்திலும் இருப்பதாகவும், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் சோம்பேறியாக இருக்கத் தன்னால் மட்டும்தான் முடியும் என்றும் சொல்வான். நூறு தடவை கேட்ட வேடிக்கை. நூற்றொன்றாவது தடவைக்கும் நோலீன் சிரித்துத் தொலைப்பாள்.

அவன் தண்ணீரில் செத்தபோது வழக்கை எங்கே போடுவது என்று ஊரில் யாரும் யோசிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். தண்ணீர் அக்கரைக்குச் சொந்தம். தண்ணீரில் நடந்தது அக்கரைக் கோர்ட்டுக்குச் சொந்தம். பாலத்தைத் தாண்டி அக்கரை ஊரான வில்காராவுக்குப் போக வேண்டியதுதான்.

பெருவெள்ளம் வந்த வருஷம் அது. மழை எங்கோ மலையில் பெய்தது, தண்ணீர் ஆற அமர ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. வந்தது போகவில்லை. ஆறு எது, ஆரஞ்சுத் தோட்டம் எது என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி கண்ணுக்கு எட்டியவரை ஒரே பழுப்பு நிறம். ஊரே முறைபோட்டு மணல் மூட்டை அடுக்கியது. ஒரு நாள் சாயங்காலம் டார்சி மூட்டை அடுக்கும் இடத்திலிருந்து நேராகத் தன் அலுமினியப் படகில் ஏறிப் போனான். திரும்பி வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வெர்ன்தான் தேடிப் போய், தம்பியின் உடலைத் தன் படகில் போட்டுக் கொண்டுவந்தான். தலையிலிருந்து கால்வரை சேறு. நோலீனைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வளைவுக்குக் கீழே வாடகைப் படகுவீடுகள் கட்டியிருக்கும் இடத்தில் டார்சி கிடந்ததாக வெர்ன் சொன்னான். படகுவீட்டுக் கயிறு ஒன்று தண்ணீருக்கு மேலே குறுக்கே இழுத்துக் கட்டியிருந்ததாகவும், அந்தி வெளிச்சத்தில் அது டார்சிக்குத் தெரிந்திருக்காது என்றும் சொன்னான். டாக்டர்கள் பார்த்ததும் அதற்கு ஒத்துப்போனது. மார்புக்குக் குறுக்கே ஒரு கன்றிய கோடு, நுரையீரலில் தண்ணீர்.

படகுவீட்டுக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. கயிறெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஓட்டினவன் நிதானத்தில் இல்லை என்றது. படகில் இரண்டு காலி பீர் டப்பா கிடந்ததாம். ரத்தத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று மருத்துவ அறிக்கை சொன்னது. ஆனால் ஊர் என்றைக்கு அறிக்கை படித்தது? குடித்துவிட்டு இருட்டில் படகு விட்டான், போய்ச் சேர்ந்தான் என்று மதுக்கடையில் ஒருவன் சொன்னால் அடுத்தவன் தலையாட்டினான். நோலீன் உள்ளே வந்தால் பேச்சை மாற்றினார்கள். ஆற்றை உள்ளங்கைபோல அறிந்த மனுஷன், மடத்தனமாகச் செத்தவன் என்று பெயர் வாங்கிவிட்டான். அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. யாரோ செய்த தப்பால் அவன் செத்தான் என்று ஒரு நீதிபதி வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைக்கச் சட்டம் மூன்று வருஷம் கொடுத்திருந்தது. அதற்குள் சரியான இடத்தில் வழக்குப் போட்டால் போட்டது. இல்லாவிட்டால் மதுக்கடைத் தீர்ப்புதான் கடைசித் தீர்ப்பு.

வெர்ன் கூடவே நின்றான். அக்கரையில் ஜில்லியன் என்ற வக்கீலைத் தேடிப் பிடித்தவன் அவன்தான். இக்கரையில் ஒரு வக்கீலையும் கேட்டுப் பார்ப்போமா என்று நோலீன் ஒரு தடவை இழுத்தபோது, "எதுக்கு நோலி? தண்ணி அவங்களுது, படகுவீடு அவங்களுது. நம்ம கோர்ட்டுல போட்டா சிரிப்பாங்க" என்றான். அதில் தப்புச் சொல்ல அவளுக்கு எதுவும் அகப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் தன் வண்டியில் அவளைப் பாலம் தாண்டிக் கூட்டிப்போனான், வாசலில் காத்திருந்தான், கூட்டிவந்தான். ஞாயிறுதோறும் வந்து அவள் வீட்டுப் புல்லை வெட்டினான். கூடவே அவனுடைய செவலை நாய் டஸ்டியும் வரும். வந்தால் நோலீனின் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். டார்சி போன பிறகு அவளுக்குக் கிடைத்த ஆறுதல் இந்த இரண்டு ஜீவன்தான் என்று அவள் தங்கைக்குப் போனில் சொன்னதுண்டு.

விசாரணை நாளும் வந்தது. மூன்று வருஷக் கெடு முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. ஆனால் வழக்குத்தான் எப்போதோ போட்டாயிற்றே, கெடு முடிந்தால் என்ன என்று நோலீன் இருந்தாள். வெர்ன் முக்கியமான சாட்சி. சாட்சி சொல்லும்வரை உள்ளே உட்காரக் கூடாது என்பதால் நாயோடு வண்டியில் காத்திருந்தான். அவள் உள்ளே போகும்போது அவளுடைய கோட்டுக் காலரைச் சரிபண்ணிவிட்டு, "இன்னிக்கு முடிஞ்சிடும்" என்றான்.

கம்பெனி வக்கீல் சின்னப் பையனாகத் தெரிந்தான். எழுந்து, ஒரு புகைப்படத்தைக் காட்ட அனுமதி கேட்டான். வெள்ளத்தில் எத்தனை படகுவீடு மிஞ்சியது என்று காப்பீட்டுக்காக, டார்சி படகெடுத்துப் போன அன்று இருட்டுவதற்குச் சற்று முன்னால் ஆளில்லா விமானம் வைத்துக் கம்பெனி எடுத்த படமாம். போன வாரம்தான் பழைய கணினி ஒன்றிலிருந்து அகப்பட்டதாம். இவ்வளவு தாமதமாகக் கொண்டுவருவதா என்று நீதிபதி கடிந்துகொண்டார், பிறகு காட்டச் சொன்னார். ஜில்லியன் அந்தப் படத்தை இரண்டு நாள் முன்பே வாங்கிப் படகுவீட்டுக் கயிறுகளை மட்டும் ஆராய்ந்திருந்தாள். மூலையில் கிடந்ததை அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பையன் அந்த மூலையைத்தான் பெரிதாக்கிக் காட்டினான். கவிழ்ந்த படகு ஒன்று. அடிப்பக்கம் சிவப்புச் சாயம். வீட்டு வாசல்கதவுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தை டார்சி படகின் அடியில் அடித்தது நோலீனுக்குத் தெரியும். ஆற்றில் வேறெவனுக்கும் அந்தப் பைத்தியக்காரத்தனம் தோன்றாது. படகு படகுவீடுகளிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிடந்தது. தண்ணீரில்தான் கிடந்தது, ஆனால் ஆற்றில் இல்லை என்று பையன் சொன்னான். வரைபடத்தைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினான். மாநில எல்லை என்பது தண்ணீர் நிற்கும் இடம் அல்ல, மேட்டின் விளிம்பு. வெள்ளம் மேட்டைத் தாண்டிப் போனால் எல்லை அதன் பின்னால் நீந்திப் போவதில்லை. இது விக்டோரியா நிலத்தின் மேல் நடந்த விபத்து, எங்கள் கயிற்றுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, இந்த மாநிலத்தில் போட்ட இந்த வழக்கு நிற்காது என்று சொல்லி உட்கார்ந்தான்.

நோலீன் அவன் சொன்னதில் பாதியைக் காதில் வாங்கவில்லை. அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு மேலே, கம்பிகள் விரிந்த ஒரு பெரிய குடையின் எலும்புக்கூடு தெரிந்தது. மற்றவர்களுக்கு அது ஏதோ இரும்பு. அவளுக்கு அது துணி காயப்போடும் சுழல்கொடி. கல்யாணமான புதிதில் அவளும் டார்சியும் கீழ்த்தோட்டத்துப் பழைய வீட்டில்தான் குடியிருந்தார்கள். அந்தக் கொடியின் ஒரு கை வளைந்திருக்கும், டார்சி அதில் தொங்கிச் சுற்றி விளையாடியதால் வளைந்தது. படத்திலும் வளைந்திருந்தது.

வெர்னின் தோட்டம். ஆறு இல்லை, படகுவீடு இல்லை, வெர்னின் தோட்டம்.

அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. பட்ட பிறகு வேறெதுவும் தெரியவில்லை. சுழல்கொடியின் தூணிலிருந்து டீசல் தொட்டியின் தலைவரை, தண்ணீருக்குச் சற்று மேலே குப்பையும் சருகும் ஒரு கோடாகச் சிக்கித் தொங்கின. அளவுகோல் வைத்து அடித்த மாதிரிக் கோடு. வெள்ளம் எதையும் நேராக வைத்துவிட்டுப் போகாது. அங்கே ஒரு கம்பி இருக்கிறது.

அந்தக் கம்பியை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளம் ஏறுவதற்கு முந்தின நாள் வெர்ன் வந்தான். டீசல் தொட்டி மிதந்து போய்விடும்போல இருக்கிறது, எதிலாவது இழுத்துக் கட்ட வேண்டும், டார்சியின் எஃகுக் கம்பிக்கயிறு வேண்டும் என்றான். டார்சி வீட்டில் இல்லை. கொட்டகையில் ஆணியில் தொங்கிய சுருளை அவளே இறக்கி அவன் தோளில் மாட்டிவிட்டாள். வெள்ளம் வடிந்த பிறகு கம்பியை ஆறு கொண்டுபோய்விட்டது என்று சொல்லிப் புதுச் சுருள் ஒன்று வாங்கிவந்து அதே ஆணியில் மாட்டினான். எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள்.

நீதிபதி ஏதோ கேட்டார், ஜில்லியன் எழுந்து அவகாசம் வேண்டினாள், எல்லோரும் எழுந்தார்கள். நோலீன் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். ஜில்லியன் அவளைத் தோளைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

ஜில்லியன் நொந்துபோயிருந்தாள். ஆறு என்று சொன்னார்கள், ஆறு என்றே நானும் எடுத்துக்கொண்டேன், போய் அளந்து பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு காரியத்துக்கு வந்தாள். கம்பெனி மேல் போட்டதைத் திரும்ப வாங்கிவிடலாம், இக்கரைக் கோர்ட்டில் புதிதாகப் போடலாம், கெடு முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் எதுவும் செய்ய முடிந்திருக்காது.

"ஆனா யார் மேல போடறது, நோலீன்? அது யாரோட நிலம், அங்க என்னத்த கட்டிவச்சிருந்தாங்க, அது தெரிஞ்சாத்தான் நான் எழுத முடியும். உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று நோலீனுக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் பொறுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

வெளியே வந்தபோது வெர்ன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். என்ன ஆயிற்று என்றான். தள்ளி வைத்துவிட்டார்கள், ஏதோ காகிதம் சரியில்லையாம் என்றாள். அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே அதிர்ச்சி. வெர்ன் பெருமூச்சு விட்டான். அது கவலைப் பெருமூச்சா நிம்மதிப் பெருமூச்சா என்று இத்தனை வருஷம் பழகியும் அவளால் சொல்ல முடியவில்லை. பின்சீட்டிலிருந்து டஸ்டி எட்டி அவள் காதை நக்கியது. பாலத்தைக் கடக்கும்போது ஆறு கீழே சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெர்ன் பழம் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனதும் அவள் கீழ்த்தோட்டத்துக்கு நடந்தாள். பழைய வீட்டை வெள்ளத்துக்குப் பிறகு இடித்துவிட்டார்கள். சுழல்கொடி மட்டும் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அவள் தூணைச் சுற்றி வந்தாள். அவள் மார்பு உயரத்தில், துருவுக்கு நடுவே, இரும்பை அறுத்துவிட்ட ஒரு வளையம் இருந்தது. கம்பி இழுபட்டு இழுபட்டுப் பதிந்த தழும்பு. வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று தூணிலேயே சேற்றுக் கறை காட்டியது. கறை அவள் இடுப்புக்குச் சற்று மேலே. படகில் உட்கார்ந்து வருகிறவனுக்குக் கம்பி சரியாக எங்கே வரும் என்று அவள் கணக்குப் போடவில்லை. போடாமலே தெரிந்தது.

கம்பி கட்டியது தப்பில்லை. தொட்டி மிதந்து போகாமல் யாரும் கட்டத்தான் கட்டுவார்கள். கட்டியதை மறந்ததுகூட, அந்த நாட்களின் கலவரத்தில், மனுஷன் செய்கிற தப்புத்தான். ஆனால் விடியற்காலையில் வந்து, தம்பி உடலைக் கம்பியிலிருந்து எடுத்து, கம்பியை அவிழ்த்து, அதற்கப்புறம் ஆற்றையும் படகுவீட்டையும் காட்டினானே? குடிகாரன் என்று ஊர் பேசியபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தானே? எல்லைக்கல் அவன் நிலத்தில்தான் நிற்கிறது. எல்லை எங்கே என்று இந்த ஊரில் ஒருத்தனுக்குத் தெரியும் என்றால் அவனுக்குத்தான் தெரியும். தெரிந்துதான் பாலம் தாண்டிக் கூட்டிப்போனான். அவளுடைய கெடு முடியும்வரை பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். அவள் அவனுக்கு ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னாள்.

அங்கே நின்றபடியே ஜில்லியனுக்குப் போன் பண்ணி, யார் மேல் போடுவது என்று சொன்னாள். ஜில்லியன் பெயரை இரண்டாவது தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

காகிதம் தயாரானதும் கணினி வழியாகவே அனுப்பிவிடலாம், நேரில் போக வேண்டியதில்லை என்று ஜில்லியன் சொன்னாள். நோலீன் கேட்கவில்லை. தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லிக் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு வெர்னுக்குப் போன் பண்ணி, கோர்ட்டுக்குப் போக வேண்டும், வண்டி எடுத்துக்கொண்டு வா என்றாள். அவன் எப்போதும்போல உடனே வந்தான், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு.

ஊர் எல்லையில் ஒரு சாலை வளையம் இருக்கிறது. வலப்பக்கம் போனால் பாலம். இடப்பக்கம் போனால் இக்கரைக் கோர்ட்டு இருக்கும் ஊர், ஒரு மணி நேரப் பயணம். வெர்ன் பழக்கத்தில் வலப்பக்கம் விளக்குப் போட்டான்.

"இடது பக்கம் போ" என்றாள் நோலீன்.

"பாலம் அந்தப் பக்கம், நோலி."

"தெரியும். கோர்ட்டு இந்தப் பக்கம்."

பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பியது. வெர்ன் வளையத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினான். இரண்டாவது சுற்றின் பாதியில் விளக்கை மாற்றினான். இடப்பக்கம் திரும்பினான். காது சிவந்திருந்தது. வண்டியை நிறுத்திவிடுவானோ, ஏதாவது சொல்லி மழுப்புவானோ என்று அவள் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வேகம் கூட்டாமல் குறைக்காமல் ஓட்டினான். திராட்சைத் தோட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கடைசியில் கேட்டான்.

"துணிக்கொடி தெரிஞ்சுது. படத்துல."

அவன் தலையாட்டினான். கொஞ்ச தூரம் போன பிறகு, தானாகவே, ரோட்டைப் பார்த்தபடி பேசினான். "மூட்டை அடுக்கிட்டிருந்தப்ப நான்தான் அவனக் கேட்டேன். டஸ்டி அந்தப் பழைய வீட்டுக் கூரைல போய் மாட்டிக்கிட்டு ஊளையிட்டுட்டு இருந்தான். உன் படகு சின்னது, நீ போய்த் தூக்கிட்டு வந்துடேன்னு கேட்டேன். கம்பி ஞாபகமே வரல, நோலி. ராத்திரி படுத்தப்புறம்தான் வந்துச்சு."

நோலீன் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். டஸ்டி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் பற்றி அவள் தயாராக இருந்தாள். நாயைப் பற்றித் தயாராக இல்லை. டார்சி எதற்காக அந்த நேரத்தில் படகெடுத்தான் என்பதுதான் ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி, குடிவெறிதான் என்று எல்லோரும் போட்டுக்கொண்ட விடை. ஞாயிறுதோறும் அந்த விடை அவள் காலடியில் படுத்துத் தூங்கியிருக்கிறது. அவளே அதற்குக் கறித்துண்டு போட்டு வளர்த்திருக்கிறாள்.

"ராத்திரியே ஏன் போகல?" என்றாள்.

"போனேன். அதுக்குள்ள உயிர் போயிருந்துச்சு. விடியறவரைக்கும் அவன் பக்கத்துலதான் இருந்தேன்."

கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவன் எப்போதும்போல இறங்கிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். அவள் காலரைத் தொடவில்லை. அவள் உள்ளே போனாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கட்டைப் புரட்டிப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், கெடுவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டீர்கள் என்று சிரித்தாள். எங்கே நடந்தது என்ற இடத்தில் விரலை வைத்து, இது ஆற்றிலா நிலத்திலா என்று கேட்டாள். நிலத்தில் என்றாள் நோலீன். முத்திரை மூன்று தடவை விழுந்தது. அவ்வளவுதான். இத்தனை வருஷம் அலைந்த காரியம் ஒரு டீ ஆறும் நேரத்தில் முடிந்துவிட்டது.

"இத எதிர்த்தரப்பு கையில நேர்ல கொடுக்கணும்மா. அவர் எங்க இருப்பார்னு தெரியுமா? சிலபேர் கதவே திறக்கமாட்டாங்க, தேடறதே பெரிய பாடு."

"வெளியில வண்டியில இருக்காரு" என்றாள் நோலீன். "அவர்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாரு."

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வெர்ன் வண்டியில் சாய்ந்து நின்றான். நோலீன் நீட்டியதை இரண்டு கையாலும் வாங்கினான். முதல் பக்கத்தில் தம்பி பெயருக்குக் கீழே தன் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு மேலே படிக்காமல் மடித்தான். அறுபத்தைந்து வயது மனுஷன் நடுத்தெருவில் உதடு துடிக்க நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தாள்.

"கேட்டா நான் மறுக்கமாட்டேன்" என்றான்.

"மறுக்காத. நாயக் காப்பாத்தப் போனான்னு சொல்லு. நீ கேட்டுப் போனான்னு சொல்லு. மதுக்கடையிலயும் சொல்லு."

அவன் சரி என்று தலையாட்டினான். பிறகு, வேறென்ன செய்வது என்று தெரியாமல், வண்டிக் கதவைத் திறந்து பிடித்தான். நோலீன் பின்கதவைத் திறந்தாள். டஸ்டி குதித்து இறங்கி அவள் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. அதன் வாரை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இவன் என்கூட வரட்டும். டார்சி கூட்டிட்டு வரப் போனது இவனைத்தானே" என்றாள்.

பேருந்து நிலையம் தபாலாபீசுக்குப் பின்னால் இருந்தது. அவள் நாயோடு அந்தப் பக்கம் நடந்தாள். வண்டி கிளம்பும் சத்தம் வெகுநேரம்வரை கேட்கவில்லை.